ஜென்னா! நேப்பிள்ஸில் ஐந்து நாள்

ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, அந்த ஊரின் சத்தம்தான் காதை விட்டுப் போகவில்லை. ரோமில் அலுவலக வேலை முடிந்ததும் ஐந்து நாள் விடுப்பு எடுத்து நேப்பிள்ஸ் போயிருந்தேன். பீட்சாவும் எரிமலையும்தான் மனதில் இருந்தன. ஆனால் நான் சுமந்துகொண்டு வந்தது ஒரு பையனின் பெயரை. நோட்டில் எழுதி வைத்திருந்ததை நாள்வாரியாகப் போடுகிறேன்.

செப்டம்பர் 17

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தூத்துக்குடிக் காற்று மாதிரி ஈர வெக்கை முகத்தில் அப்பியது. அறை பழைய நகரத்தில், ஒரு சந்துக்குள், நான்காம் மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் பத்து சென்ட் காசு போட்டால்தான் ஏறும். என்னிடம் இருந்ததோ ஐம்பது யூரோ தாள். பெட்டியோடு விழித்துக்கொண்டு நின்றபோது காய்கறிப் பையோடு வந்த ஒரு பெரியவர் தன் சட்டைப் பையைத் துழாவிக் காசு போட்டார். என்னை ஏற்றிவிட்டு அவர் படியில் நடந்தே போனார். இரண்டாம் மாடிதானாம் அவருக்கு.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அறைச் சாவியைத் தருவதற்கு முன் காபி. காபிக்கு முன் ஒரு சிறு தம்ளர் தண்ணீர். தண்ணீரைக் குடித்து வாயைச் சுத்தம் செய்த பிறகுதான் காபியின் ருசி தெரியும் என்று சைகையிலேயே புரிய வைத்தார். ஒரு மடக்குக் காபிதான், ஆனால் அதன் கசப்பு அரை மணி நேரம் நாக்கில் நின்றது. அப்புறம் தெருமுனைக் கடையில் குடித்தபோதும் இதே முறைதான், தண்ணீர் முதலில். விலை 1.30 யூரோ.

சாயங்காலம் ஜன்னலருகே படுத்திருந்தேன். அடுத்த பால்கனியிலிருந்து வீட்டுக்காரம்மா கீழே பார்த்து ஒரு குரல் கொடுத்தார்: "ஜென்னா...!" எழுந்து எட்டிப் பார்த்தேன். சந்தில் மூன்று பேர் அண்ணாந்து பார்த்தார்கள். தக்காளி விற்பவர், ஸ்கூட்டரில் சாய்ந்து புகை பிடித்தவர், பந்து வைத்திருந்த பன்னிரண்டு வயதுப் பையன். பெரியவர்கள் இருவரும் தங்களை இல்லை என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா கயிற்றில் ஒரு கூடையை இறக்கினார். பனாரோ என்கிறார்கள் அந்தக் கூடையை. பையன் ஓடிப் போய் ரொட்டி வாங்கி அதில் வைக்க, கூடை மேலே ஏறியது.

பையன் அவருடைய பேரன். ஜென்னாரோ என்பது முழுப் பெயர். கூப்பிடும்போது ஜென்னா.

செப்டம்பர் 18

காலையில் பொட்ஸ்வோலிக்குக் கிளம்பினேன். நேப்பிள்ஸுக்கு மேற்கே, கடலோரத்தில், அரை மணி நேர ரயில். அன்று ஒரு மணி நேரம் ரயிலே வரவில்லை. நடைமேடையில் இருந்தவர்கள் யாரும் பதறவில்லை. ஒரு பெண் பையிலிருந்து டாராலி எடுத்து நீட்டினார். பாதாம் பதித்த, மிளகு காரம் தூக்கலான வளைய பிஸ்கட். தின்று முடித்த பிறகுதான் அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்று தெரிந்தது. சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முந்தின இரவு வீட்டுக்காரம்மாவிடம் கைப்பேசி மொழிபெயர்ப்பு வைத்துக் கேட்டிருந்தேன், ஏன் இந்த ஊரில் இத்தனை ஜென்னாரோ என்று. "பொட்ஸ்வோலி போய்ப் பார்" என்றார். அதனால்தான் போனேன்.

சான் ஜென்னாரோ (சான் என்றால் புனிதர்) பெனவெந்தோ ஊரின் ஆயர், அதாவது பிஷப். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், சிறையில் கிடந்த நண்பரைப் பார்க்க வந்தவரையும் பிடித்து, கி.பி. 305-ல் இங்கே தலையை வெட்டினார்கள் என்கிறது மரபு. முதலில் விலங்குகளுக்கு இரையாகப் போட்டதாகவும், அவை கிட்டே வராமல் படுத்துக்கொண்டதாகவும் கதை. வெட்டுப்பட்ட இடம் என்று சொல்லப்படுவது சொல்ஃபதாரா எரிமலை வாய்க்குப் பக்கத்தில். அங்கே ஒரு கோயில் கட்டி, தலை வெட்டிய கல் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க லேசான கந்தக வாடை. தரையும் சும்மா இருப்பதில்லை. 2005 முதல் இந்த நிலம் மெல்ல எழும்பி ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. கடைத்தெரு நடுவே ரோமானியர் காலத்துத் தூண்கள் மூன்று நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள். அந்த உயரம் வரை ஒரு காலத்தில் கடலுக்குள் மூழ்கிக் கிடந்து மறுபடி எழுந்த தூண்கள். இப்படி ஆடுகிற மண்ணில் வாழ்கிறவர்கள் காவலுக்கு ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது எனக்கு இயல்பாகத்தான் பட்டது.

பெயருக்கு வருகிறேன். லத்தீனில் இயானுவாரியுஸ். இயானுஸ் என்பது ரோமானியர்களின் வாசல் தெய்வம். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகம். இயானுவா என்றால் கதவு. ஆண்டின் வாசலாக இருக்கும் மாதத்துக்கு அந்தத் தெய்வத்தின் பெயர் வந்தது. நாம் தினமும் நாள்காட்டியில் பார்க்கும் ஜனவரி அதுதான். அந்த மாதத்தில் பிறந்த பையன்களுக்கும் அதையே பெயராக வைத்தார்கள். ரோமத் தெய்வங்களைக் கும்பிட மாட்டேன் என்று தலை கொடுத்த ஒருவர், ரோமத் தெய்வத்தின் பெயரையே தாங்கியிருந்திருக்கிறார். பெற்றவர்கள் வைத்ததை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இத்தாலியர்கள் இன்று ஜனவரியை ஜென்னாயோ என்கிறார்கள். அது வடக்கே தஸ்கனிப் பேச்சு. லத்தீனின் 'ஆரியுஸ்' அங்கே 'ஆயோ' ஆனது, தெற்கே 'ஆரோ' ஆனது. அதனால் நேப்பிள்ஸ் பேச்சில் மாதமும் பையனும் ஒரே சொல். வீட்டுக்காரம்மாவிடம் இதை உறுதிப்படுத்திக்கொண்டபோது, இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் பெயர் சித்திரைவேல். அதுவும் மாதம்தான். ஏன் இது என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதை நாளைய பகுதியில் சொல்கிறேன்.

மதியம் திரும்பி வந்து சனிதா பக்கம் போனேன். மேட்டில் சான் ஜென்னாரோ நிலவறைக் கல்லறைகள். மென்மையான எரிமலைக் கல்லைக் குடைந்த கூடங்கள். புனிதரின் எலும்புகளை ஐந்தாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 831-ல் பெனவெந்தோ அரசன் படையெடுத்து வந்து அவற்றைத் தூக்கிப் போனான். பிறகு ஒரு மலை மடத்தில் இருந்து, 1497-ல்தான் நேப்பிள்ஸுக்குத் திரும்பின. உள்ளே சுவரில் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று, கைகளை விரித்து நிற்கும் ஜென்னாரோ. அவருடைய உருவங்களில் மிகப் பழையது. சுற்றிக் காட்டுபவர்கள் அந்தப் பகுதி இளைஞர்களே. வேலை இல்லாத பேட்டையில் கூட்டுறவு அமைத்து இந்தக் கல்லறைகளைத் திறந்து நடத்துகிறார்கள். கூட்டிப் போன பெண் தன் வீட்டைக் காட்டுவது போல ஒவ்வொரு சுவராகக் காட்டினார்.

வெளியே வந்தால் மழை. அந்த ஊர்த் தெருக்களில் கருங்கல் பாளங்கள், நனைந்தால் எண்ணெய் ஊற்றியது போல. இறக்கத்தில் வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தேன். எழுவதற்குள் ஐந்தாறு பேர். ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து நாற்காலி கொண்டுவந்து நடுத்தெருவில் போட்டார். ஸ்கூட்டர்கள் அதைச் சுற்றிப் போயின, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒரு கிழவி சர்க்கரை கலந்த தண்ணீரை வாயில் வைத்தே ஊட்டினார். இன்னொருவர் மீன்கடையைப் பார்த்து "ஜென்னா, ஐஸ்!" என்று கத்தினார். மீன்கடை ஜென்னாரோ கணவாய் கிடந்த ஐஸைத் துணியில் கட்டி எடுத்து வந்தார். இரவு வரை என் கால்சட்டையில் மீன் வாசம் இருந்தது. கழுவ மனமில்லை.

சோறு தேடியது வயிறு. நொண்டிக்கொண்டே போனபோது ஓர் இலங்கைக் கடை கண்ணில் பட்டது. இந்த ஊரில் இலங்கையர் நிறையப் பேர். கடைக்காரர் தமிழ் பேசினார். சோறும் பருப்பும் ஒரு மாசிச் சம்பலும் பொதி செய்து தந்தார். "நாளைக்குக் கடை பூட்டு அண்ணை. ஊரில பாதிப் பேருக்குப் பெயர் நாள்" என்றார். பெயர் நாள் என்றால் என்ன என்று கேட்டேன். எந்தப் புனிதரின் பெயரோ அந்தப் புனிதரின் திருநாள். பிறந்தநாளைப் போல அதற்கும் வாழ்த்து, இனிப்பு, விருந்து எல்லாம் உண்டாம். "அப்ப ஒரு ஆளைக் கொண்டாடேக்க அந்தப் பெயர்க்காரர் எல்லாரையும் கொண்டாடுறது" என்றார். காசு வாங்கும்போது ஒரு யூரோ குறைத்துக்கொண்டார், காலைப் பார்த்து.

செப்டம்பர் 19

திருநாள். பள்ளிக்கூடம் விடுமுறை. காலை ஏழரைக்கே பேராலயத்தில் நுழைய இடமில்லை. வீட்டுக்காரம்மா என்னையும் பேரனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு தூண் ஓரத்தில் நிறுத்தினார்.

ஜென்னாரோவின் இரத்தம் என்று போற்றப்படுவது இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் உறைந்து கிடக்கிறது. ஆண்டுக்கு மூன்று நாள் அது உருகுகிறதா என்று ஊரே காத்திருக்கும். மே முதல் ஞாயிறுக்கு முந்தின சனி, இந்த செப்டம்பர் 19, அப்புறம் டிசம்பர் 16. டிசம்பர் நாள் 1631-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்ததன் நினைவு. உருகியதாக முதலில் எழுதி வைத்திருப்பது 1389-ல். திருச்சபை இதை அற்புதம் என்று அறிவிக்கவில்லை, ஊர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

முன்வரிசையில் சில கிழவிகள். ஜென்னாரோவின் உறவினர்கள் என்றே அவர்களுக்குப் பெயர். நேப்பிள்ஸ் பேச்சில் பழைய வேண்டுதல்களை ஒரே குரலில் ஓதினார்கள். தாமதமானால் "மஞ்ச மூஞ்சி" என்று புனிதரைத் திட்டுவார்களாம். 1305-ல் செய்த அவருடைய மார்புச் சிலையின் முகம் தங்க முலாம் பூசி மஞ்சளாக மின்னுகிறது. சொந்தக்காரர்களுக்குத்தான் அந்த உரிமை வரும். எங்கள் ஊரில் அம்மனிடம் "உனக்குக் கண்ணில்லையா" என்று கேட்கும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் அந்தக் குரல் எனக்கு அந்நியமாக இல்லை.

பத்து மணி தாண்டியதும் முன்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டை ஆடியது. உருகிவிட்டது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. கோட்டையிலிருந்து குண்டுச் சத்தம். பக்கத்தில் நின்ற ஆள், முன்பின் தெரியாதவர், என்னைக் கட்டிப் பிடித்தார். வீட்டுக்காரம்மா பேரனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ஜென்னா, ஜென்னா" என்று நெற்றியில் முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. கத்தரிக்காய் பார்மிஜானா, பிறகு சுக்கான் கல் போல இறுகிய ரொட்டியால் தட்டை வழித்துத் தின்பது. சுவரில் ஒரு படம், தொப்பி போட்ட மனிதர். யார் என்றேன். "ஜென்னாரோ" என்றார். அவர் கணவர், எட்டு வருடம் முன் போய்விட்டார். மூத்த மகனுக்குப் பிறக்கும் முதல் ஆண் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். அதுதான் இங்கே பழைய முறை. இப்போதெல்லாம் தொலைக்காட்சியில் கேட்கும் பெயரை வைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். தன் மருமகள் மட்டும் மறுப்புச் சொல்லாமல் வைத்தாள் என்று அவளைப் புகழ்ந்தார்.

நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். பேரன் என்ற நம் சொல்லே பெயரன் என்பதுதான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். எனக்கு என் தாத்தா பெயர். அவர் சித்திரைவேல், நான் சித்திரைவேல். அதனாலேயே என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பெயரை மருமகள் எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு நான் 'ஐயா'. திட்டும்போதும் 'ஐயா'தான். சித்திரை மாதத்தையே சொல்ல மாட்டாள், "பங்குனிக்கு அடுத்த மாசம்" என்பாள். மதுரைச் சித்திரைத் திருவிழா அவளுக்கு "ஆத்துல அழகர் இறங்குறது". பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அப்பா ஊரில் இல்லை. பையன் பெயர் என்ன என்று தலைமையாசிரியர் கேட்டதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டு என் தோளைத் தட்டினாள், நீயே சொல்லு என்று. ஐந்து வயதில் என் பெயரை நானே சொல்லித்தான் சேர்ந்தேன். தாத்தா போய் நாற்பது வருடம் ஆகிறது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு. இன்னும் சொன்னதில்லை.

இங்கே ஒரு பெண் செத்துப்போன கணவனின் பெயரை ஒரு நாளைக்கு இருபது முறை பால்கனியிலிருந்து கத்துகிறார். சொல்லாமல் காப்பதும் மரியாதை, கத்தி அழைப்பதும் பிரியம். இரண்டையும் நான் எடைபோட விரும்பவில்லை. ஆனால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

செப்டம்பர் 20

கால் வீங்கிவிட்டது. மெதுவாக நடக்க முடிந்த இடங்கள் மட்டும்.

பேராலயத்துக்குள்ளேயே ஜென்னாரோவின் பொக்கிஷச் சிற்றாலயம். கொள்ளைநோயும் போரும் சூழ்ந்த நேரத்தில், எங்களைக் காப்பாற்று, உனக்கு ஆலயம் கட்டுகிறோம் என்று ஊர் மக்கள் புனிதரோடு ஒப்பந்தம் எழுதினார்கள். பத்திரம் எழுதுபவரை வைத்து, முறையாக. தேதி 1527 ஜனவரி 13. அவர் பெயர் கொண்ட மாதத்திலேயே. கட்டத் தொடங்கியது 1608-ல்தான், முடிந்தது 1646-ல். இன்றும் அது திருச்சபையின் சொத்து அல்ல, ஊரின் சொத்து. சுற்றிலும் துணைக் காவலர்களாக ஐம்பதுக்கும் மேற்பட்ட புனிதர்கள், வெள்ளிச் சிலைகளாக. பக்கத்து அருங்காட்சியகத்தில் 1713-ல் செய்த ஆயர் முடி. 3,694 கற்கள், அதில் 3,328 வைரம். அது போக 198 மரகதம், 168 மாணிக்கம். மீனாட்சிக்கு நகை பூட்டிப் பார்த்த கண்ணுக்கும் அது கொஞ்சம் அதிகம்தான்.

அங்கே தெரிந்துகொண்ட இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1799-ல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தபோதும் இரத்தம் உருகிவிட்டது. அந்நியனுக்கு ஆதரவாக உருகினாயா என்று மன்னர் பக்கம் நின்ற மக்கள் கொதித்துப் போனார்கள். மன்னரின் படை திரும்ப நுழைந்தது ஜூன் 13, அது அந்தோனியார் திருநாள். சரி, இனி அந்தோனியார்தான் நம் காவலர் என்று ஜென்னாரோவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் சமாதானமானார்கள். அந்தக் கோபத்திலும் பிள்ளைகளுக்கு ஜென்னாரோ என்று வைப்பதை அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தாத்தா பெயரை எப்படி விடுவது?

ஃபோர்செல்லா என்ற பேட்டையில் ஒரு கட்டிடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஜென்னாரோவின் முகம், 2015-ல் ஜோரித் என்ற ஓவியர் வரைந்தது. அதற்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு தொழிலாளி நண்பரின் முகத்தை. அண்ணாந்து பார்த்தால் காலையில் ரொட்டி சுடப் போகிற ஆள் போல இருக்கிறது. அதற்கு எதிரே ஒரு தள்ளுக்கடையில் எலுமிச்சைச் சாறு. பிழிந்து, சோடா ஊற்றி, கடைசியில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுகிறார். பொங்கி வழியும். காலை அகட்டிக் குனிந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், இல்லையென்றால் சட்டை போச்சு. இரண்டு யூரோ. ஒரு ஏப்பம் வந்து வெக்கை எல்லாம் போனது.

இரவு பையனுக்கு என் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் அது ஒரு மாதம், வருடத்தின் முதல் மாதம் என்றேன். "அப்படியானால் நீயும் ஜென்னாரோ" என்றான் உடனே. எனக்குத் தோன்றாதது. ஜென்னாரோவைத் தை மாதம் என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன் நான். வாசலாக நிற்கும் மாதம் என்று பார்த்தால் நமக்குச் சித்திரைதானே.

அவர்கள் பெயரைக் கூப்பிடும் விதமும் அன்றுதான் பிடிபட்டது. அழுத்தி ஒலிக்கும் எழுத்தோடு பெயரை நிறுத்திவிடுகிறார்கள். ஜென்னாரோ ஜென்னா, அந்தோனியோ அந்தோ. நாம் முருகனை முருகா என்று அழைக்கும்போது ன் போய் நீள்கிறதே, அது போலத்தான். பெயரின் வால் அறுந்து குரல் மட்டும் தெருவைக் கடக்கிறது.

செப்டம்பர் 21

கிளம்பும் நாள். காலையில் ஸ்ஃபோல்யதெல்லா என்ற அடுக்கடுக்கான இனிப்பு ஒன்று சுடச்சுட, 2.50 யூரோ. உள்ளே ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியும் ஆரஞ்சுத் தோல் மணமும். நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

லிஃப்டுக்குப் பத்து சென்ட் காசு தயாராக வைத்திருந்தேன். விடைபெற்றுக் கீழே இறங்கி, சந்தின் பாதி தூரம் பெட்டியை உருட்டிப் போயிருப்பேன். மேலிருந்து ஒரு குரல்.

"சித்திரவே...!"

வால் அறுந்த என் பெயர். தக்காளிக்காரரும் திரும்பிப் பார்த்தார். பால்கனியில் வீட்டுக்காரம்மா. கயிற்றில் பனாரோ இறங்கிக்கொண்டிருந்தது, உள்ளே நான் மறந்து வைத்த கைப்பேசி சார்ஜரும், தாளில் சுற்றிய நான்கு டாராலியும். வாங்கிக்கொண்டு கையை ஆட்டினேன். இன்னும் ஒரு முறை கூப்பிட்டார், காரணம் இல்லாமல்.

ரயிலில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஐயா, சாப்பிட்டியா? கால் எப்படி இருக்கு?" என்றாள். கூடை இறங்கிய கதையைச் சொன்னேன். அந்த அம்மா என் பெயரைத் தெருவே கேட்கக் கூப்பிட்டதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"நல்லா சத்தமாவா கூப்பிட்டா?" என்றாள்.

"நல்லா சத்தமா."

"இருக்கட்டும் ஐயா" என்றாள் அம்மா.